1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டு: படித்துக்கொண்டே வீட்டில் வைத்துச் சரிசெய்ய முடியுமா?

குடமுருட்டிக்கரை:

வணக்கம். திருவையாறு பக்கம் ஒரு கிராமம், தஞ்சாவூரில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் நெல் கொட்டகையில் தாத்தாவின் ஹெரால்டு நிற்கிறது. 1967-ல் வாங்கியது, மெட்ராஸில் செய்தது, இரண்டு கதவு. ஊரில் இன்றைக்கும் எங்கள் வீட்டை "ஸ்போர்ட்ஸ் கார் வீடு" என்றுதான் அடையாளம் சொல்வார்கள். 948 சிசி குடும்பக் காரை அப்படிச் சொல்லலாமா என்று நானே யோசித்திருக்கிறேன், ஆனால் இதன் சேஸியை (அடிச்சட்டத்தை) குட்டையாக்கித்தான் 1962-ல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் வந்தது என்றும் இரண்டையும் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி என்றும் படித்த பிறகு, ஊர்க்காரர்கள் சொல்வதில் தப்பில்லை என்று தோன்றிவிட்டது.

தாத்தா இருந்தவரை வாரம் ஒருமுறை துடைத்து வைப்பார். வண்டி ஓடி முப்பது வருடம் இருக்கும். இப்போது நிலைமை: என்ஜின் ஜாம், ஃபேன் கையால் அசையவில்லை. வயரிங்கை எலி தின்றுவிட்டது (நெல் மூட்டை பக்கத்திலேயே இருந்தால் வேறு என்ன நடக்கும்). பிரேக் பெடல் தரை வரை போகிறது. டிரைவர் பக்கத் தரையில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. முன்சக்கரத்தின் அடியில் இருக்கும் வெண்கலத் துண்டு, அதை ட்ரனியன் என்கிறார்கள், இரண்டு பக்கமும் ஆடுகிறது.

நேரம்தான் எனக்குப் பெரிய பிரச்சினை. காலை ஏழேகாலுக்குக் காலேஜ் பஸ், திரும்ப மாலை ஆறு. சனி மதியமும் ஞாயிறும்தான் கையில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் செமஸ்டர் தேர்வு. தை மாதம் சம்பா அறுவடை முடிந்து மூட்டைகள் வரும்போது கொட்டகை அப்பாவுக்கு வேண்டும், அதற்குள் வண்டி தள்ளினால் நகர்கிற நிலையிலாவது இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பதில் மாதம் 2,500 ரூபாய் மிச்சம் பிடிக்கிறேன்.

என் திட்டம் இது. மே விடுமுறையில் ஐந்து வாரம் கிடைக்கும். பாடி சேஸியோடு போல்ட்டில்தான் நிற்கிறது என்பதால் பாடியை மொத்தமாகக் கழற்றி இறக்கிவிட்டு, சேஸியைச் சுத்தம் செய்து, எல்லாவற்றையும் ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். சரியா? ட்ரனியனைச் சுவாமிமலையில் வார்த்துக்கொள்ளலாமா? எங்கே தொடங்குவது என்று யாராவது சொல்லுங்கள்.

---

மன்னை சேஸி:

தம்பி, பாடியைக் கழற்றாதே. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

நானும் ஹெரால்டுதான், மன்னார்குடியில். உன் வயதில்தான் ஆரம்பித்தேன். நீ சொல்கிற அதே திட்டம். இந்த வண்டியில் பாடி கழற்றுவது நிஜமாகவே சுலபம், அதுதான் ஆபத்து. நாலு பேர் சேர்ந்தால் ஒரு நாளில் இறங்கிவிடும். நான் பத்து நாளில் வண்டியை எழுபது, எண்பது டப்பாக்களாக ஆக்கிவிட்டேன். ஒவ்வொன்றிலும் சீட்டு எழுதி ஒட்டினேன். அப்புறம் காலேஜ் திறந்தது, அப்புறம் வேலை, அப்புறம் தங்கை கல்யாணம். 2018 நவம்பர் 16 கஜா புயலில் ஷெட்டுக் கூரை போய்விட்டது. டப்பாக்களுக்குள் மழைத் தண்ணீர், சீட்டுகள் கூழாகிவிட்டன. எது எந்த பிராக்கெட், எந்த வாஷர் எங்கே என்று கண்டுபிடிக்கவே அடுத்த ஒன்றரை வருடம் ஆனது. சேஸி தனியாக வெளியே நின்றது, அதைப் பார்க்கவே முடியாது. வண்டியாக நின்றிருந்தால் தள்ளிக்கொண்டு போய் வேறு இடத்தில் நிறுத்தியிருப்பேன்.

படிக்கிற பிள்ளைக்கு வண்டி எப்போதும் நாலு சக்கரத்தில் நிற்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பகுதி. அதை முடித்து, மாட்டி, அதன் பிறகுதான் அடுத்ததைத் தொடுவது. தேர்வு வந்தால் அப்படியே போர்த்தி வைத்துவிட்டுப் போகலாம், திரும்பி வரும்போது எங்கே விட்டாய் என்று தேட வேண்டாம்.

தைக்குள் நகர வேண்டும் என்று அப்பா சொன்னதை நீ தொந்தரவாக நினைக்காதே, அதுவே நல்ல கணக்கு. உருளுவது முதலில், நிற்பது இரண்டாவது, ஓடுவது மூன்றாவது. அதாவது சக்கரம், பேரிங், டயர், அப்புறம் பிரேக், அதற்கும் அப்புறம்தான் என்ஜின். எல்லோரும் என்ஜின் சத்தத்தைக் கேட்கும் ஆசையில் தலைகீழாகப் போகிறோம். பழைய 5.20-13 டயரைத் தேடி அலையாதே, 145/80 ஆர் 13 ரேடியல் சிறிய கார்களுக்கு வந்த அளவு, ஹெரால்டில் ஒழுங்காக உட்காரும்.

இன்னொன்று, கொட்டகையில் மண் தரையா? நம் மண் வண்டலும் களியும். வெயில் காலத்தில் பாறை மாதிரி இருக்கும், ஐப்பசியில் ஜாக் அப்படியே இறங்கும். ஒரு கார் நிற்கும் அளவுக்காவது சிமென்ட் போட்டுவிடு. முடியாவிட்டால் ஜாக்குக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடிமனான பலகையோ இரும்புத் தகடோ வை. செங்கல், ஹாலோ பிளாக் மேல் வண்டியைத் தூக்கி வைத்துவிட்டு அடியில் படுக்காதே. அது ஓசை கொடுக்காமல் உடையும். இரண்டு ஜோடி ஆக்ஸில் ஸ்டாண்டு, உன் முதல் மாதப் பணம் அதற்குத்தான்.

---

குடந்தை லேத்:

கும்பகோணத்தில் நாற்பது வருடமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஹெரால்டு என்ஜின் பல பார்த்திருக்கிறேன், சின்ன என்ஜின், நல்ல என்ஜின்.

ஜாம் ஆன என்ஜினைத் திருப்பப் பலம் காட்டக் கூடாது, தம்பி. நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்று. ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு மூன்று ஸ்பூன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் ஊற்று, கிடைக்காவிட்டால் டீசலும் என்ஜின் ஆயிலும் சரிபாதி. துளையைத் துணியால் அடைத்துவிட்டுக் காலேஜுக்குப் போ. தினமும் மாலை கொஞ்சம் ஊற்று. ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பார். நூலளவு அசைந்தால் போதும், மறுபடி ஊற்றிவிட்டுக் காத்திரு. நீளக் குழாய் மாட்டி இழுத்தால் பிஸ்டன் ரிங் உடையும். உனக்கு நேரம் இல்லை என்று எழுதியிருக்கிறாய், இந்த வேலைக்கு ஆளே வேண்டாம், நாள்தான் வேண்டும்.

அசைந்த பிறகு ஒரு சோதனை. கிளட்சை ஒருவர் மிதிக்க, நீ முன்னால் உட்கார்ந்து கிராங்க் புல்லியைப் பார். அது கண்ணுக்குத் தெரியும்படி முன்னே பின்னே நகர்ந்தால் கிராங்க்கை முன்பின் நகராமல் பிடித்து வைக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. 4 முதல் 8 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை ஆட்டம் இருக்கலாம், அதற்கு மேல் இருந்தால் என்ஜினை ஓட்டவே ஓட்டாதே. அந்த வாஷர் கழன்று என்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியில் (சம்ப்) விழுந்தால் கிராங்க்கும் பிளாக்கும் போய்விடும். வாஷர் மலிவு, பிளாக் கிடைக்காது. வாங்கும்போது கூடுதல் தடிமன் அளவிலும் கேட்டுப் பார்.

வால்வு இடைவெளி 10 தௌ, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது. டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளி 15 தௌ. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-4-2. இதைக் கொட்டகைச் சுவரில் எழுதி வை. ஸ்பானர் அங்குல அளவு வாங்கு, 7/16, 1/2, 9/16 மூன்றும்தான் அதிகம் வேண்டியிருக்கும். மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டுத் தலையை உருட்டிவிட்டால் அப்புறம் என்னிடம்தான் வரவேண்டியிருக்கும்.

ட்ரனியன் விஷயம். சுவாமிமலை ஸ்தபதிகள் கையில் என்ன வித்தை இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறைகளோடு எனக்குப் பழக்கம் உண்டு. ஆனால் சுவாமிமலையில் வார்ப்பது சிலைக்கான பஞ்சலோகம், நாச்சியார்கோவிலில் வார்ப்பது விளக்குக்கான பித்தளை. ட்ரனியன் ஒரு முன்சக்கரத்தின் முழுப் பாரத்தையும் தாங்கி, ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் இரும்பு மரையின் மேல் சுழலும் துண்டு. வார்ப்பில் உள்ளே ஒரு காற்றுக் குமிழி இருந்தால் வெளியே தெரியாது. சக்கரம் மடிந்து படுக்கும். ஜன்னல் கைப்பிடி, பானெட் மேல் இருக்கும் சின்னம், கதவுப் பிடி, இதையெல்லாம் தாராளமாக வார்க்கக் கொடு, புதிதை விட அழகாகச் செய்து தருவார்கள். ட்ரனியனைப் புதிதாக வாங்கு. ஸ்பிட்ஃபயருக்கும் இதே குடும்பத்து முன்பக்கம் என்பதால் இங்கிலாந்தில் இன்னும் செய்து விற்கிறார்கள். தபால் செலவும் சுங்க வரியும் சேரும், அதனால் வேண்டியதையெல்லாம் பட்டியல் போட்டு ஒரே பார்சலாக வரவழை.

போட்ட பிறகு அதில் கிரீஸ் அடிக்காதே. கிரீஸ் கன் மாட்டுகிற மாதிரிதான் இடம் இருக்கும், ஊர் ஊராக எல்லாரும் கிரீஸ்தான் அடித்தார்கள், அதனால்தான் உன்னுடையது ஆடுகிறது. அதற்கு 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் மரைக்குள் இறங்காது, தண்ணீர் இறங்கும், இரும்பு துருப்பிடித்து ஒருநாள் ஒடியும்.

---

நாகை உப்புக்காற்று:

மன்னை அண்ணன் சொன்ன அனுபவத்துக்கு மறுப்பில்லை, ஆனாலும் பாடியைக் கழற்றவே கூடாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சேஸி போயிருந்தால் மேலே என்ன செய்தும் பயனில்லை. ஹெரால்டு சேஸியில் நடுவே இரண்டு முக்கிய ரெயில், அவற்றிலிருந்து பக்கவாட்டில் கை மாதிரி நீளும் அவுட்ரிக்கர்கள். பாடி உட்கார்வது அந்தக் கைகளின் மேல்தான். சேறு தங்குவதும் அங்கேதான், வயல் வரப்பில் ஓடிய வண்டிக்குச் சொல்லவே வேண்டாம்.

குடமுருட்டிக்கரை, ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு அடியில் போ (ஸ்டாண்டு போட்டுவிட்டு). ஒவ்வொரு சாணுக்கும் ஒரு தட்டு. கணீர் என்றால் நல்லது, தொப் என்றால் துரு. குத்தினால் உள்ளே போகிறதா பார். அவுட்ரிக்கர் மட்டும் போயிருந்தால் பாடி இருந்த இடத்திலேயே மாற்றலாம். நடு ரெயில் போயிருந்தால், அதுவும் பின்பக்கம் டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டி) தொங்கும் இடத்தில் போயிருந்தால், கழற்றித்தான் ஆக வேண்டும். அந்த வேலையை நீ படிப்பை முடித்துவிட்டுச் செய்.

வெல்டிங் பற்றி: தரைத் தகடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான், ஜன்னல் கம்பிக்குப் போடுகிற ஆர்க் வெல்டிங்கைப் போட்டால் ஓட்டை பெரிதாகும். மெல்லிய தகட்டுக்கு ஏற்ற மிக் வெல்டிங் மெஷின் வைத்திருக்கும் டிங்கர் பட்டறையில் ஆளை ஒரு ஞாயிறு வீட்டுக்கு வரச் சொல். பழைய துருவை வெட்டி எடுப்பது, புதுத் தகட்டை அளவாக வெட்டி வளைத்து வைப்பது எல்லாம் நீ செய்துவிட்டால் அவருக்கு அரை நாள் வேலைதான். இங்கே ஒரு பட்டறையில் என் வண்டிக்குத் துருவின் மேலேயே தகடு வைத்து ஒட்டி, பட்டி பூசிக் கொடுத்துவிட்டார்கள், அடுத்த மழையில் குமிழ் குமிழாக வந்துவிட்டது. வெட்டும் வேலையை நீயே செய் என்பது அதனால்தான். பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி வெளியே வைக்காமல் ஒரு தீப்பொறியும் அங்கே பறக்கக் கூடாது. காலி டேங்க் என்று நினைக்காதே, காலி டேங்க்கில் இருக்கும் ஆவிதான் வெடிக்கும். வயல் மோட்டாரின் இலவச மும்முனை மின்சாரத்தில் வெல்டிங் மெஷினை மாட்டாதே, அது பாசனத்துக்கு மட்டும் தந்தது, அப்பாவின் இணைப்பே போய்விடும்.

சின்னச் சாமான்களுக்கு என்னுடைய வழி ஒன்று சொல்கிறேன், உன் நேரத்துக்குப் பொருந்தும். மளிகைக் கடை எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். பிராக்கெட், கதவுக் கீல் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வாளியில் இரவு போட்டுவிட்டுப் படு, காலையில் பஸ்ஸுக்கு முன் எடுத்துத் தேய்த்தால் துரு சேறாக வரும். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, துடைத்து, அந்த நிமிடமே எண்ணெயோ பிரைமரோ பூசிவிடு. நம் பக்கக் காற்றில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வருவதற்குள் மஞ்சள் பூத்துவிடும். ஸ்பிரிங்கையும் கார்புரேட்டரையும் அதில் போடாதே, ஸ்பிரிங் நொறுங்கும் தன்மை அடையும், கார்புரேட்டரை ஆசிட் அரித்துவிடும்.

பெயின்ட் மாசி, பங்குனியில்தான். ஈரக்காற்றில் அடித்தால் பால் பூத்த மாதிரி வெளுக்கும்.

---

குடமுருட்டிக்கரை:

எல்லோருக்கும் நன்றி, மூன்று முறை படித்தேன். ஸ்டாண்டு வாங்கிவிட்டேன். ஞாயிறு முழுக்கத் தட்டிப் பார்த்தேன். நடு ரெயில் இரண்டும் முன்னிலிருந்து பின் வரை கணீர் என்று இருக்கின்றன. டிரைவர் பக்க அவுட்ரிக்கர் இரண்டு போய்விட்டன, ஒன்றில் ஸ்க்ரூ டிரைவர் பிடி வரை இறங்கியது. மறுபக்கம் பரவாயில்லை. எனவே பாடி இறங்காது, முடிவு செய்துவிட்டேன். என்ஜினில் ஆயில் ஊற்றத் தொடங்கிவிட்டேன்.

இரண்டு சந்தேகம். அவுட்ரிக்கரை வெட்டும்போது பாடி தொங்கிப் போகாதா? அப்புறம், ஆர்சி (வண்டியின் பதிவுச் சான்று) தாத்தா பெயரில்தான் இருக்கிறது, அவர் காலமாகி நாலு வருடம் ஆகிறது. நான் இதைக் கண்காட்சிக்கு வைக்க நினைக்கவில்லை, பாட்டியை உட்கார வைத்து ஐயாறப்பர் கோவில் வரை ஓட்ட வேண்டும், அவ்வளவுதான்.

---

மன்னை சேஸி:

தொங்கும், நீ இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டினால். ஒன்றை வெட்டி, புதியதை வைத்து, போல்ட் மாட்டி, வெல்டிங் முடிந்த பிறகு அடுத்தது. வெட்டும் முன் கதவை மூடி, கதவுக்கும் பாடிக்கும் இடையே மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் இடைவெளியை அளந்து சுவரில் எழுதிக்கொள். வெல்டிங்கை முதலில் புள்ளி புள்ளியாக மட்டும் வைக்கச் சொல், கதவைத் திறந்து மூடிப் பார், அளவு மாறவில்லை என்றால்தான் முழுசாக ஓட்டச் சொல்வது. வண்டி அப்போது ஜாக்கில் ஒரு மூலையில் நிற்கக் கூடாது, நாலு ஸ்டாண்டிலும் மட்டமாக நிற்க வேண்டும்.

நாகை சொன்னதை ஏற்கிறேன், ரெயில் போயிருந்தால் நானும் கழற்றத்தான் சொல்லியிருப்பேன்.

---

அரசலாறு:

ஆர்சி பற்றி மட்டும் எழுதுகிறேன், எங்கள் சித்தப்பா வண்டிக்கு இப்போதுதான் இந்த வேலையெல்லாம் பார்த்தோம். உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் சேர்க்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டியது, தாமதத்துக்கு அபராதம் வரும், ஆனாலும் இப்போதே செய். பாட்டி, அப்பா, அத்தைகள் எல்லோரும் கையெழுத்துப் போட இருக்கும் காலத்தில் முடித்துவிடுவது நல்லது.

50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிய 2021-ல் தனி விதி வந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், எண்ணில் விஏ என்று எழுத்து வரும். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, விண்டேஜ் ரேலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது மாதிரியான காரியங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். பாட்டியோடு கோவிலுக்குப் போக அது உதவாது. சாதாரணப் பதிவையே புதுப்பி. ஆய்வாளர் முன் வண்டியை நிறுத்தி, பிரேக், விளக்கு எல்லாம் சரியாக இருந்தால் ஐந்து வருடம் தருவார்கள். பழைய ஆர்சி புத்தகத்தில் இருக்கும் என்ஜின் எண்ணும் சேஸி எண்ணும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பெயின்ட் அடிக்கும் முன் பார்த்து, போட்டோ எடுத்து வை.

---

குடமுருட்டிக்கரை:

எண்கள் இரண்டும் ஒத்துப்போகின்றன. அப்பா சான்றிதழ்களைத் தேடி எடுத்துவிட்டார்.

நேற்று பதினோராவது நாள். சாயங்காலம் ஸ்பானர் போட்டு அசைத்தேன், ஒன்றும் இல்லை. அப்பா களத்திலிருந்து வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்பானரை வாங்கி, குடந்தை ஐயா சொன்ன மாதிரியே மெதுவாக முன்னும் பின்னும் கொடுத்தார். ஃபேன் ஒரு விரல்கடை நகர்ந்தது. அரை மணி நேரத்தில் கால் சுற்று வந்தது. பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினோம். நிறுத்திவிட்டு மறுபடி ஆயில் ஊற்றி வைத்திருக்கிறேன். இனி பேட்டரி மாட்டி ஸ்டார்ட்டரில் சுற்றிப் பார்க்கலாமா?

---

குடந்தை லேத்:

கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. பேட்டரி இப்போது வேண்டாம். கையாலேயே இரண்டு முழுச் சுற்று இழுப்பு இல்லாமல் வரட்டும். அதுவரை பிரேக்கைப் பார். மாஸ்டர் சிலிண்டரையும் நாலு சக்கர சிலிண்டர்களையும் கழற்றி எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை இங்கே வா, உள்துளையில் குழி விழுந்திருந்தால் உள்ளே புதுக் குழாய் (ஸ்லீவ்) போடலாம். டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசியை ஊதாதே, அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடு. பெட்ரோல் குழாய் ரப்பரையும் மாற்றிவிடு, இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் அதில் ஊறிக் கரையும்.

பேட்டரி மாட்டும் நாளில் ஒன்றைப் பார். இங்கிலாந்து வழி வந்த பழைய வண்டிகள் பலவற்றில் பிளஸ்தான் பாடியில் மாட்டியிருக்கும். எலி விட்டு வைத்த பழைய வயர் பாடியில் எந்த முனையோடு போல்ட் ஆகியிருக்கிறது என்று பார்த்து உறுதி செய்துகொண்டு மாட்டு. பிளக் நாலும் வெளியே இருக்கும்போதே, புது ஆயில் ஊற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரில் சுற்று, ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். அதற்கு அப்புறம்தான் பிளக் மாட்டுவது. அந்த ஞாயிறு எனக்கும் சொல், பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.